மூன்றாம் வரிக்கு இறங்கிய தமிழ்: மொரீஷியஸ் பணத்தாள்களை வாசித்தல்

அல்லாமா இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் ஆட்சியதிகாரத்தின் அடையாளங்களை விவரிக்குமிடத்து 'ஸிக்கா' எனும் நாணய முத்திரைக்குத் தனி இடம் அளிக்கிறார். எவர் பெயரால் வெள்ளி மேடையில் குத்பா ஓதப்படுகிறதோ, எவர் முத்திரையுடன் நாணயம் அடிக்கப்படுகிறதோ அவரே ஆள்பவர் என்பது இஸ்லாமிய அரசியல் மரபு. ஆகவே நாணயம் நம் முன்னோருக்கு ஒரு பண்டமாக மட்டும் இருந்ததில்லை. அது வாசிக்கப்பட வேண்டிய வாசகமாகவும் இருந்தது. இமாம் மக்ரீஸீ 'ஷுதூருல் உகூத் ஃபீ திக்ரின் நுகூத்' என்று நாணயங்களுக்கென்றே ஒரு நூல் யாத்தார். அவர் கையாண்ட முறையை இன்றைய பணத்தாள் சேகரிப்பாளர்களின் முறையோடு ஒப்பிட்டால் ஒரு பெரும் வேறுபாடு புலப்படும். மக்ரீஸீ நாணயத்தில் என்ன பொறிக்கப்பட்டது, எவர் மாற்றினார், மாற்றியதால் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். இன்றைய சேகரிப்பாளரோ தாளின் நிலை, கையொப்ப வகை, தொடர் எண், அட்டவணை எண் ஆகிய நான்கோடு நின்றுவிடுகிறார். தாளின் மேல் எழுதியிருப்பதை அவர் படிப்பதேயில்லை.

இக்குறையை எடுத்துக்காட்ட ஆப்பிரிக்க ஒன்றியத்தைச் சார்ந்த ஒரு தீவு நாட்டின் தாள்களை விடப் பொருத்தமான சான்று வேறில்லை. அந்நாடு மொரீஷியஸ். அதன் பணத்தாளில் நம் தமிழ் உண்டு. அத்தமிழ் ஒரு முறை இடம் மாற்றப்பட்டது. அதனால் ஒரு நாட்டின் மைய வங்கியே தான் வெளியிட்ட தாள்களைத் திரும்பப் பெற நேர்ந்தது.

மரக்காணத்தில் உப்பு மொத்த வணிகம் செய்யும் நண்பர் ஒருவரிடம் இத்தாள்களைப் பார்த்தேன். புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் முதல் தாள்களைச் சேர்ப்பது அவருடைய பல்லாண்டுப் பழக்கம். ஒட்டக அஞ்சற்காரர் உருவம் தாங்கிய சூடானின் தாள்கள், 1958இல் வெளிவந்த கானாவின் தாள்கள், பிறகு மொரீஷியஸ் என்று ஏடு நீள்கிறது. உப்பளக் கரையில் காகிதத்தைக் காப்பது எளிதன்று. கடற்காற்றின் ஈரமும் உப்பும் தாளை நைந்துபோகச் செய்கின்றன, மலிவான பி.வி.சி. உறைகளோ நாளடைவில் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்கின்றன. பழைய இந்தியத் தாள்களில் வங்கிகள் அடித்த கம்பித் துளைகள் (2001இல்தான் ரிசர்வ் வங்கி அவ்வழக்கத்தை நிறுத்துமாறு பணித்தது) துருவேறிப் பழுப்பு வட்டங்களாக விரிந்திருந்தன. ஆப்பிரிக்கத் தாள்களுக்கு அந்தத் துன்பம் இல்லை.

மரக்காணத்துக்கும் மொரீஷியஸுக்கும் என்ன உறவு என வாசகர் வினவலாம். இக்கரையைச் சங்க நூல் கூறும் எயிற்பட்டினத்தோடு அறிஞர் இணைப்பர். இங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் புதுச்சேரி. 1735இல் பிரெஞ்சுத் தீவின் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனே, போர்ட் லூயி நகரையும் துறைமுகத்தையும் எழுப்பப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொற்றர், தச்சர், கொல்லர் முதலிய கைவினைஞரை வருவித்தார். தீவின் இந்தியக் குடியேற்றத்தில் முதல் தலைமுறையினர் அவர்களே. ஆங்கிலேயர் காலத்தில், 1834 முதல், ஒப்பந்தக் கூலிகளாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியே சென்றோர் ஏறக்குறைய நாலரை இலட்சம் பேர். அவர்களுக்கு முன்பே, கரும்புத் தோட்டம் பெருகுவதற்கும் முன்பே, தமிழ் அத்தீவில் ஒலித்துக்கொண்டிருந்தது. இதை நினைவிற்கொள்க, பின்னர் எழுந்த பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கூலியாட்களோடு இந்திய ரூபாயும் கடல் கடந்தது. தீவில் அது மிகுதியாகப் புழங்கியதால் 1876இல் ரூபாயே அந்நாட்டின் நாணயமெனச் சட்டம் செய்யப்பட்டது. உழைப்பவனின் கையிலிருந்த காசு ஆள்பவனின் கணக்கேட்டை மாற்றிய அரிய நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. நெல்லைக் குறிக்கும் 'சம்பு'வும் உப்பைக் குறிக்கும் 'அளமு'ம் கூடிச் 'சம்பளம்' ஆயிற்று எனச் சொல்லாய்வோர் சிலர் கூறுவர், ஒப்பாதோரும் உளர். சொல்லாய்வு எவ்வாறாயினும், உப்பளத்துக் கூலியும் கரும்புத் தோட்டக் கூலியும் அதே ரூபாயில் எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை.

இனி முதல் தாள்களுக்கு வருவோம். மொரீஷியஸ் வங்கி 1967இல் பணியைத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்றது 1968 மார்ச் 12ஆம் நாள். அதாவது நாட்டுக்கு முன்னே தாள் பிறந்துவிட்டது. ஐந்து ரூபாய் நீலம், பத்து சிவப்பு, இருபத்தைந்து பச்சை, ஐம்பது ஊதா என நான்கு தாள்கள். நான்கிலும் இங்கிலாந்தின் அரசியார் இரண்டாம் எலிசபெத்தின் உருவம். தாளில் ஆண்டு அச்சிடப்படவில்லை. ஆகவே சேகரிப்பாளர்கள் வங்கி அலுவலரின் கையொப்பங்களைக் கொண்டே முற்பட்டது எது, பிற்பட்டது எது எனப் பிரிக்கின்றனர். நண்பரின் ஏட்டில் இந்தப் பிரிவினை மிக நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் விடுதலை பெற்ற நாட்டின் பணத்தில் ஆண்டவரின் தலை ஏன் இருக்கிறது என்று கேட்டபோது அவர் வியப்புற்றார். "ஹஜ்ரத், தலை எல்லாத் தாளிலும் ஒன்றுதானே, அதனால் விலை கூடுவதோ குறைவதோ இல்லையே" என்றார்.

விலை கூடாததுதான் இங்கே கவனிக்கத்தக்கது. இப்னு கல்தூனின் அளவுகோலால் அளந்தால் 1967ஆம் ஆண்டுத் தாள் ஒரு முரண்பட்ட ஆவணம். 'ஸிக்கா' வேறொரு மன்னருடையது. வாசகமோ தீவு மக்களுடையது. இந்தியா 1949இல் மன்னர் தலையை நீக்கி அசோகத் தூணை ஒரு ரூபாய்த் தாளில் வைத்தது. பாகிஸ்தானோ 1948இல் இந்திய ரிசர்வ் வங்கித் தாள்களின் மீதே 'பாகிஸ்தான் அரசு' என மேலச்சு ஏற்றிப் பயன்படுத்தியது. கானா 1965இல் நிக்ருமாவின் உருவத்தைத் தாளில் பதித்து, 1966இல் அவர் வீழ்த்தப்பட்டபின் 1967இல் புதுத் தாள்கள் வெளியிட்டு நீக்கியது. மொரீஷியஸ் தலையைப் பற்றி அவசரப்படவில்லை. 1992இல் குடியரசாகும் வரை அரசியாரே நாட்டுத் தலைவராயிருந்தார். தலை அந்நியருடையதாயிருந்த அத்தாளில் தீவு மக்கள் தங்களைக் கண்டுகொண்ட இடம் எழுத்துதான். ஆங்கிலம், அடுத்துத் தமிழ், அதனடுத்துத் தேவநாகரியில் இந்தி என்னும் வரிசையே அங்கு மரபாயிற்று. முகத்தைப் பொறுத்துக்கொண்ட மக்கள் வரிசையைப் பொறுத்துக்கொள்ளாமற்போனதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

(இடையே 1980களில் வந்த இரண்டாம் தொகுதியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அதன் இருபது ரூபாய்த் தாளில் அன்றைய பிரதமரின் துணைவியார் சரோஜினி ஜக்நாத்தின் உருவம் இடம்பெற்றது. பதவியிலிருப்பவர் வீட்டாரைப் பணத்தில் பதிப்பது எவ்வகையான ஸிக்கா என்பதை வாசகர் தீர்ப்புக்கே விடுகிறேன்.)

1998இன் இறுதியில் புதிய தொகுதி வெளிவந்தது. இருபத்தைந்து முதல் இரண்டாயிரம் வரை ஏழு தாள்கள், ஏழு முகங்கள். வடிவமைப்பில் முந்தியவற்றைவிட நேர்த்தியானவை. ஆனால் மதிப்பைக் குறிக்கும் சொற்களில் ஆங்கிலத்தை அடுத்து இந்தியும் மூன்றாவதாகத் தமிழும் அச்சாகியிருந்தன. தமிழ் நீக்கப்படவில்லை, சிதைக்கப்படவில்லை, ஒரு வரி கீழே இறங்கியது, அவ்வளவே. தமிழ் வழித்தோன்றல்கள் கொதித்தெழுந்தனர். போராட்டங்கள் நடைபெற்றன. முடிவில் வங்கி அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையுடன் 1999ஆம் ஆண்டிட்ட தாள்களை வெளியிட்டது.

ஒரு வரி கீழிறங்கியதற்கு இத்தனை ஆரவாரமா என நகைப்போர் பலாதுரீயின் 'ஃபுதூஹுல் புல்தான்' நூலை எடுத்துப் பார்க்கட்டும். எகிப்திலிருந்து ரோமருக்கு ஏற்றுமதியான காகிதச் சுருள்களின் தலைப்பில் கலீஃபா அப்துல் மலிக் ஓரிறைக் கோட்பாட்டு வாசகத்தை எழுதச் செய்தார். ரோமப் பேரரசர் சினந்து, அதை நிறுத்தாவிடில் தம் தீனார்களில் நபிகளாரை (ஸல்) இழிக்கும் சொற்களைப் பொறிப்பேன் என மிரட்டினார். தலைப்பு வரியைப் பற்றிய அப்பூசலின் தொடர்ச்சியாகவே முஸ்லிம்கள் சொந்த நாணயம் அடித்தனர் என்று பலாதுரீ அறிவிக்கிறார். ஹிஜ்ரி 77இல் உருவமேதுமின்றி எழுத்து மட்டுமே தாங்கிய தீனார் வெளிவந்தது. ஓர் ஆவணத்தில் எந்த வாசகம் மேலே, எது கீழே என்பது அற்பமான வினா அன்று என நம் வரலாறே கற்பிக்கிறது.

எனினும் போராடியோர் முன்வைத்த வாதங்கள் அனைத்தையும் நான் ஏற்பவன் அல்லன். 'நாங்களே முதலில் வந்தோம்' என்பது அவர்களின் முதன்மை வாதம். வரலாற்றளவில் அது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் உரிமைக்கு அடிப்படையாக அது வலுவற்றது. முதலில் வந்தோர் என்ற கணக்கைத் தொடங்கினால் அதே பிரெஞ்சுக் கப்பல்களில் அடிமைகளாக இழுத்து வரப்பட்ட மடகாஸ்கர், மொசாம்பிக் மக்களின் வழித்தோன்றல்கள் எழுந்து, தங்கள் மொழி எந்த வரியில் இருக்கிறதென்று கேட்பர். அவர்கள் மொழி எந்த வரியிலும் இல்லை. இன்னொரு வாதம் என் பார்வையில் வலியது. ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கும் மாணவர்க்கு நாம் முதலில் கற்பிப்பது, அறிவிப்பாளர் தொடராக வந்துசேர்ந்த வாசகத்தின் முன்பின்னைப் பிரதியெடுப்பவன் தன் விருப்பப்படி மாற்றலாகாது, மாற்றினால் காரணத்தை ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பதே. தலைமுறைகளாக நிலைபெற்ற ஒரு வரிசையை மாற்றுமுன், மாற்றத்தால் கீழிறங்குவோரைக் கேட்டிருக்க வேண்டும். பெரும்பான்மையோர் மொழி மேலேறுவதும் சிறுபான்மையோர் மொழி கீழிறங்குவதும் சொல்லாமல் நிகழும்போது, மறுநாள் வேறெது இறங்குமோ என்ற அச்சம் இயல்பாக எழும். அந்த அச்சத்தை வீண் பெருமிதம் என ஒதுக்குவது, தாமே சிறுபான்மையினராக வாழும் நமக்குத் தகாது.

இந்தியத் தாளை இதனோடு ஒப்பிடுக. அதன் மொழிப் பட்டியில் பதினைந்து மொழிகள் உள்ளன. தமிழ் பதின்மூன்றாவது, உருது கடைசி. எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. ஏனெனில் வரிசை ஆங்கில அகரவரிசைப்படி அமைந்தது. அஸ்ஸாமி முதலிலும் உருது இறுதியிலும் வருவதற்கு எவருடைய மேன்மையும் காரணமன்று. அகரவரிசை ஈரமற்ற நீதிதான், ஆயினும் நீதி. ஆனால் பட்டிக்கு வெளியே, தாளின் தலைப்பில், இந்தியும் ஆங்கிலமும் பெரிதாக நிற்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி நம்மவரைப் பற்றி ஒரு சொல். தமிழ் இதழ்களில் மொரீஷியஸ் தாளின் படத்தை வெளியிட்டு, 'கடல் கடந்த தமிழின் வெற்றி' எனக் கொண்டாடும் கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. அவற்றை எழுதுவோரும் சேகரிப்பாளரைப் போலவே தாளைப் படிப்பதில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அத்தீவினருள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் வீட்டில் கிரியோல் பேசுவதாகத் தெரிவித்தனர். தமிழ் வழித்தோன்றல்களின் இல்லங்களிலும் பேச்சு பெரும்பாலும் கிரியோல்தான். தமிழ் பள்ளிப் பாடமாகவும் வழிபாட்டு மொழியாகவும் நிற்கிறது. தாளிலுள்ள தமிழ் வரியைச் சரளமாகப் படிக்க இயலாதவர்களே அவ்வரிக்காகத் தெருவில் இறங்கினர் என்பதுதான் இந்நிகழ்ச்சியின் மிக ஆழமான செய்தி. பொருள் விளங்காமலே குர்ஆனின் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் மூதாட்டியரை அறிந்தவர்க்கு இது புதிரன்று. வாசிப்பதற்கான எழுத்து வேறு, இருப்பதற்கான எழுத்து வேறு. பின்னதை முன்னதாக எண்ணி வெற்றி முழக்கமிடுவது, அங்கே மொழியைக் காக்கப் பாடுபடும் ஆசிரியர்களின் சுமையை மறைத்துவிடுகிறது.

அதே 1998, 1999 தொகுதிகளின் முகங்களையும் படிக்க வேண்டும். நூறு ரூபாயில் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன். இருநூறு ரூபாயில் சர் அப்துல் ரஸாக் முகம்மது. 1906இல் கல்கத்தாவில் பிறந்து, போர்ட் லூயி நகரத் தந்தையாக விளங்கி, முஸ்லிம் செயற்குழு என்னும் கட்சியைத் தோற்றுவித்தவர் அவர். விடுதலைக்கு முந்திய அரசியலமைப்புப் பேச்சுகளில் சிறுபான்மையினர்க்குச் சட்டமன்றத்தில் இடம் உறுதிப்பட வேண்டுமென வாதிட்டவர். தோற்றவர்களுள் தகுந்தவர்க்குக் கூடுதல் இடங்கள் அளிக்கும் முறை அந்நாட்டின் அரசியலமைப்பில் இடம்பெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் விடுதலைக் கூட்டணி 39 இடங்களையும் எதிரணி 23 இடங்களையும் வென்றன. கூட்டணித் தலைவர்களான ராம்கூலாம் இரண்டாயிரத்திலும், விசுண்தயாள் ஐந்நூறிலும், அப்துல் ரஸாக் இருநூறிலும் அமர்ந்திருக்கின்றனர். விடுதலையை எதிர்த்துப் போட்டியிட்ட கேத்தான் துவால் ஆயிரம் ரூபாயில் இருக்கிறார்! எதிர்த்தவரையும் பணத்தில் ஏற்ற ஒரு நாட்டின் பெருந்தன்மையை மெச்சத்தான் வேண்டும். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு முகம் என்ற கணக்கு சற்று வெளிப்படையாகவே தெரிகிறது என்பது வேறு. முகங்களைப் பங்கிடுவதில் இத்தனை கவனம் காட்டியவர்கள் எழுத்தை அடுக்குவதில் அயர்ந்தனர்.

அப்துல் ரஸாக் முகம்மதின் முகம் இருக்கிறது. மதிப்பைக் கூறும் மூன்று மொழிகளுள் உருதுவோ அரபியோ இல்லை. அத்தீவின் முஸ்லிம்கள் அதற்காகப் போராடியதாகச் செய்தியில்லை. அவர்கள் தங்கள் இருப்பை எழுத்தில் தேடவில்லை, சட்டமன்ற இடங்களில் தேடினர் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எது சிறந்த வழி என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு.

ஈற்றில், சேகரிப்பாளரான நம் சகோதரர்க்குத் தேவைப்படும் ஒரு ஃபிக்ஹ் விளக்கம். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, பணத்தாள் முழுமையான நாணயத்தன்மை உடையது, வட்டி பற்றிய சட்டங்கள் அதற்கும் பொருந்தும் எனத் தீர்மானித்தது. எனவே புழக்கத்திலுள்ள பத்து ரூபாய்த் தாளைத் தொடர் எண்ணில் 786 இருக்கிறதென்பதற்காக நூறு ரூபாய்க்கு வாங்குவது, ஒரே இன நாணயத்தைக் கூடுதல் குறைவாக மாற்றுவதாகும். பரக்கத்தை நாடிச் செய்யும் இவ்வணிகம் வட்டியின் வாசலில் நிற்கிறது. சந்தைகளில் இது தாராளமாக நடப்பது வருந்தத்தக்கது. செல்லாததாகிவிட்ட தாளின் நிலை வேறு. ஹஜ் பயணிகளுக்கென 1959இல் 'எச்ஏ' முன்னெழுத்துடன் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பத்து, நூறு ரூபாய்த் தாள்கள் இன்று நாணயம் அல்ல, சரக்கு. மனம் பொருந்திய விலைக்கு வாங்கலாம், விற்கலாம். அயல்நாட்டின் புழங்கும் தாளாயின் விலையில் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கைக்குக் கை மாற வேண்டும் என்பது நபிமொழியின் நிபந்தனை. தொகையை முன்னே அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் தபாலை எதிர்நோக்கும் சேகரிப்பாளர் இதைச் சிந்திக்க வேண்டும்.

நண்பரின் ஏட்டில் 1999ஆம் ஆண்டு இருநூறு ரூபாய்த் தாள் உள்ளது. 1998ஆம் ஆண்டினது இல்லை. திரும்பப் பெறப்பட்டமையால் அதற்கு விலை அதிகம். அட்டவணை இரண்டுக்கும் இரு வேறு எண்களை அளித்திருப்பதால், ஏட்டில் அதற்கென ஓர் உறையை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார். 2013இல் மொரீஷியஸ் சில தாள்களை நெகிழியில் அச்சிடத் தொடங்கிவிட்டது. உப்புக் காற்று அவற்றை ஒன்றும் செய்யாது என்று அவற்றையும் வாங்கியிருக்கிறார். அவற்றில் தமிழ் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, முதன்முறையாகப் படித்துப் பார்த்தார்.